ஏழுமடைக் கண்மாயில் நின்ற நாற்பத்தொரு பேர்

தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, வெயில் நன்றாக ஏறி, கரையில் நாற்பத்தொரு பேர் பல் விளக்கிக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் மாடு குளிப்பாட்டிக்கொண்டும் இருந்த நேரத்தில், ஏழுமடைக் கண்மாயின் கிழக்குப் படித்துறையில் வைத்து, மடை திறக்கிற சோணைமுத்துவை மண்லாரிக்கார வீரபத்திரன் வெட்டிக் கொன்றான். கொன்றவன் அருவாளைத் தண்ணீரில் அலசிக்கொண்டு போனான். செத்தவனைத் தூக்கிப் போய் எரித்தோம். ஆனால் தண்ணீரில் விழுந்திருந்த சோணைமுத்துவின் உருவம் மட்டும் போகாமல் அங்கேயே நின்றுகொண்டது.

படியில் ஆள் இல்லை, தண்ணீரில் ஆள் இருந்தான். தலைகீழாக, நீலக்கட்டம் போட்ட கைலியும் தோளில் ஈரத் துண்டுமாக, எதையோ சொல்ல வந்தவன் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றான். மூன்றாம் நாள் சுடுகாட்டில் காடாத்திவிட்டு முழுக வந்த பங்காளிகள்தான் முதலில் பார்த்தார்கள். பெரிய கூச்சல் ஒன்றும் இல்லை. "போக மனசில்லாம நிக்கிறாப்ல" என்றார் ஒருவர். "மடையைத் திறந்தது திறந்தபடி கெடக்கு, அவரு எப்படிப் போவாரு" என்றார் இன்னொருவர். கொஞ்சம் தள்ளி முழுகிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள்.

என்ன பகை என்றால் இதுதான். போன கோடையில் கண்மாய்க்குள் மூன்றடி வண்டல் அள்ள உத்தரவு வாங்கிக்கொண்டு வந்த வீரபத்திரன், முப்பதடி தோண்டிவிட்டான். சோணைமுத்து எழுதப் படிக்கத் தெரியாதவன். ஒரு கொச்சக்கயிற்றை எடுத்து, அடிக்கு ஒரு முடிச்சாக முப்பது முடிச்சுப் போட்டு, பள்ளத்தில் விட்டு அளந்து, அந்த ஈரக் கயிற்றைக் கொண்டுபோய்த் தாலுகா ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தான். அந்தக் கயிறுதான் அவனை வெட்டியது.

போலீஸ் வந்து கரையில் நின்ற நாற்பத்தொரு பேரையும் விசாரித்தபோது நாங்கள் ஒருவரும் ஒன்றும் பார்த்திருக்கவில்லை. சோப்பு கண்ணில் போய்விட்டது ஒருவருக்கு. மாட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார் இன்னொருவர். முங்கியிருந்தேன் என்று நாலு பேர் சொன்னார்கள். "வெட்டி முடிக்கிற வரைக்கும் முங்கியேவாய்யா இருந்தீங்க, மீனா நீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். ஒரே ஒருவர் சொன்னதை மட்டும் அவர் உட்பட எல்லாரும் நம்பினார்கள். அது டிராயிங் டீச்சர் வெள்ளத்தாய். "நான் தண்ணியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் சார், தலை தூக்கலை" என்றார். நம்பாமல் எப்படி? இருபது வருஷமாக அந்த அம்மா தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

வெள்ளத்தாய் டீச்சர் மரத்தை வரைய மாட்டார், தண்ணீரில் விழுந்த மரத்தை வரைவார். கோயில் கோபுரத்தை வரைய மாட்டார், தண்ணீரில் ஆடுகிற கோபுரத்தை வரைவார். மடியில் பலகை, பலகையில் காகிதம், பக்கத்தில் கொட்டாங்கச்சிகளில் வண்ணம், கரைத்துக்கொள்வதற்கு அதே கண்மாய்த் தண்ணீர். புளிய இலை ஒவ்வொன்றும் தண்ணீரில் எப்படி இரண்டாக உடைந்து கூடுகிறது, நீர்ப்பூச்சி கால் வைத்த இடத்தில் வானம் எப்படிக் குழிகிறது என்று ஒன்று விடாமல் போடுவார். அவர் வீட்டுச் சுவர் முழுக்க உலகம் தலைகீழாகத்தான் தொங்கும். "டீச்சர் வீட்ல காப்பி குடிச்சா கிறுகிறுன்னு வருதுத்தா" என்று பொம்பளைகள் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தண்ணீரில் நிற்கிற சோணைமுத்துவோடு பத்து நாளில் நாங்கள் பழகிவிட்டோம். துவைக்கிற கல்லை இரண்டு ஆள் நீளம் தள்ளிப் போட்டுக்கொண்டோம். பொடிசுகள் கல்லெறிந்தால் அவன் கலங்குவான், கலங்கி மறுபடி கூடிக்கொள்வான். எருமைகள் மட்டும் அந்தப் பக்கம் இறங்க மாட்டேனென்று நின்றுவிட்டன. அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் தினமும் காலையில் வந்து படியில் உட்கார்ந்து, வீட்டு விஷயமெல்லாம் சொல்வாள். "சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. ஓட்டைக்கூடைய உங்க தம்பி வாங்கிட்டுப் போனாரு, இன்னும் தரல. ஏங்க, இந்தக் கைலியத்தான் எத்தன நாளைக்குக் கட்டிக்கிட்டு நிப்பீங்க?" எழுந்து போகும்போது எங்களைப் பார்த்துச் சொல்வாள். "வாயைப் பாத்தீங்களா? பஞ்சுன்னு என்னையத்தான் கூப்புட்டிருக்காரு. கடைசியா என்னையத்தான்."

கோடை ஏற ஏறத் தண்ணீர் நாளுக்கு நாலு விரக்கடை வற்றியது. தண்ணீர் குறையக் குறைய உள்ளே தெரிவது கூடிக்கொண்டே போனது. சோணைமுத்துவின் கழுத்துக்குப் பின்னால் ஒரு நாள் அருவாள் நுனி தெரிந்தது. மறுவாரம் அருவாளைப் பிடித்த கை வந்தது. அதற்கடுத்த வாரம் மணிக்கட்டில் செம்புக் காப்பு வந்தது. இன்ஸ்பெக்டர் ஓடிவந்து செல்போனில் படம் எடுத்தார், வெறும் வானம்தான் விழுந்தது. குடத்தில் மொண்டு பார்த்தார், வெறும் தண்ணீர். "இந்தக் கண்மாயை நான் எப்படிய்யா கோர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போறது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டவருக்கு அப்புறம்தான் டீச்சர் ஞாபகம் வந்தது. போய்க் கேட்டார். டீச்சர் கொட்டாங்கச்சிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "தண்ணியில இருந்தா போடுறேன் சார்" என்றார்.

டீச்சர் காப்பு வரைந்த அன்றைக்குச் சாயங்காலமே வீரபத்திரன் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"டீச்சரு, கையப் போட்டீங்களாம். போடுங்க, கை யாருக்குத்தான் இல்ல. காப்பு எதுக்கு?"

"தண்ணியில இருக்கு தம்பி."

"தண்ணியில மீனும்தான் இருக்கு. மீனைப் போடுங்க."

"மீன் உள்ள இருக்கு. நான் மேல தெரியிறதத்தான் போடுவேன்."

"எம்மகளுக்கு நீங்கதான் படம் போடச் சொல்லிக்குடுத்தீங்க. அந்த மரியாதைக்குத்தான் வாயால பேசிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் அவனும் அவன் ஆட்களும் கல்லுடைக்கிற வெடித்தோட்டா நாலைக் கொண்டுவந்து தண்ணீருக்குள் வீசினார்கள். கண்மாய் பனை உயரத்துக்கு எழும்பி விழுந்தது. கெளுத்தியும் கெண்டையும் வயிறு வெடித்து மிதந்தன, ஒரு கொக்கு இறக்கை முறிந்து கரையில் விழுந்து துடித்தது, படியில் பறந்த கல்சில்லு பட்டுத் துவைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளின் நெற்றி பிளந்து ரத்தம் மார்பு வரைக்கும் வந்தது. அவளைத் தூக்கிப்போய்த் தையல் போட்டு வந்து பார்த்தால் தண்ணீர் தெளிந்திருக்கிறது, தோட்டா வெடித்ததில் கண்மாய் ஒரு முழம் இறங்கியிருக்கிறது, அந்த ஒரு முழத்துக்குள்ளே வீரபத்திரனின் தோள், கழுத்து, கடித்த பல், சிவந்த கண் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கிறது. அவனே வெட்டி, அவனே தன் முகத்தை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டான்.

டீச்சர் முகத்தை வரைந்தார். இன்ஸ்பெக்டர் கொண்டு போனார், மூன்றாம் நாள் தொங்கிய முகத்தோடு திரும்பிவந்தார். "படம் எவன் வேணும்னாலும் வரைவான், கண்ணால பாத்த ஆள் ஒருத்தனக் கொண்டுவான்னுட்டாங்க மேல. ஒரே ஒருத்தன் வாயத் தொறந்தாப் போதும்மா" என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னார். பஞ்சவர்ணம் அழவில்லை. டீச்சரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், அவன் தலைக்குப் பின்னாடி கரை தெரிய ஆரம்பிக்குது. அன்னைக்கு யாரு யாரு எங்க நின்னாங்க, எங்க பாத்தாங்கன்னு அப்படியே போடுங்க. வீடு வீடாக் கொண்டுபோய்க் காட்டுறேன். ஒருத்தராச்சும் சொல்ல மாட்டாங்களா?"

டீச்சர் வண்ணம் தொடாத தூரிகையைக் காகிதத்தில் இழுத்ததை நான் அன்றைக்குப் பார்த்தேன். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இது வீரபத்திரன் காதுக்குப் போனது. ரேஷன் கடையில் சீனி போடுகிற நாள், வரிசையில் முப்பது பேர் நிற்கிறோம், பட்டப்பகல். வந்தான். டீச்சரின் வலது கையைப் பிடித்து, எடைபோடுகிற மேசையில் வைத்து, ஒரே போடு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தெறித்துச் சீனி மூட்டைக்குள் விழுந்தன. டீச்சர் கத்தவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். வெள்ளைச் சீனி சிவந்துகொண்டே போவதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். போலீஸ் வந்து கேட்டபோது, கார்டில் எத்தனை கிலோ எழுதியிருக்கிறது என்று குனிந்து படித்துக்கொண்டிருந்ததாக முப்பது பேரும் சொன்னோம், டீச்சரும் அவன் பேரைச் சொல்லவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது. நானும் அதையேதான் சொன்னேன்.

பதினோராம் நாள் டீச்சர் கட்டுப் போட்ட கையோடு படித்துறைக்கு வந்துவிட்டார். பஞ்சவர்ணம் தூரிகையை அவர் மணிக்கட்டில் துணியால் வரிந்து கட்டிவிட்டாள். விரலால் வரைந்தவர் இப்போது தோளால் வரைந்தார். அன்றைக்குத்தான் தண்ணீருக்குள் நாங்கள் வந்தோம்.

முதலில் வந்தது நான். ஆட்டுக்காரன் மலைக்கண்ணு, தலையில் சிவப்புத் துண்டு, இரண்டு காலுக்கிடையில் ஒரு கிடாய், கண் நேராக அருவாளைப் பார்க்கிறது. அப்புறம் பேச்சியம்மாள். அப்புறம் பால்காரர் கருத்தக்காளை, வாயில் வேப்பங்குச்சி. நாளுக்கு நாலு பேர், அஞ்சு பேர். ஒருவர் கண்ணிலும் சோப்பு இல்லை. ஒருவரும் முங்கியிருக்கவில்லை. எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், கல்யாண வீட்டில் தாலி கட்டுவதைப் பார்க்கிற மாதிரி.

பஞ்சவர்ணம் பலகையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள்.

"மாமா, இது நீங்கதான?"

"எம் மூக்கு இப்பிடியா இருக்கு? வேற ஆளு."

"பேச்சியக்கா, இது?"

"சேலை என்னோடதுதான்டி. முகம் எவ முகமோ."

என் வீட்டுக்கும் வந்தாள். கிடாயைக்கூட அப்படியே போட்டிருந்தார் டீச்சர், காதில் நான் வெட்டிய அடையாளத்தோடு. "ஆட்டுக்குப் புல்லு அறுக்கப் போகணும்த்தா" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அதற்கப்புறம் ஊர் கூடியது. வீரபத்திரன் மேல் இல்லாத கோபம் டீச்சர் மேல் வந்தது. "கொன்னவன் ஒருத்தன், அசிங்கப்படுறது நாங்களா?" என்றார்கள். டீச்சர் வீட்டுக் கதவில் சாணியை அடித்தார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர் சின்னழகு ஒரு வழி சொன்னார். எங்கள் கண்மாயில் வருஷா வருஷம் சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், சுற்றுப்பட்டுப் பன்னிரண்டு ஊர்ச் சனமும் ஊத்தாக் கூடையோடு ஒரே நேரத்தில் இறங்கும். மூங்கிலில் பின்னின கூடை அது, மேலேயும் கீழேயும் வாய், மீன் மேல் கவிழ்த்து அமுக்கி மேல்வாயில் கை விட்டு எடுக்க வேண்டும். பிடித்த மீனை விற்கக் கூடாது, அன்றைக்கே ஆக்கித் தின்றுவிட வேண்டும். ஆயிரம் பேர் மிதித்தால் தண்ணீர் சேறாகும், சேற்றில் எவன் முகமும் தெரியாது. "இந்த வருசம் பங்குனியிலயே வீசிப்புடுவோம்" என்றார் பெரியவர். தண்ணீர் இன்னும் தொடைக்கு மேல் இருந்தது. அன்றைக்கே பரணிலிருந்து கூடைகளை இறக்கினோம்.

அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமை, கரை நெடுகச் சனம் கூடையோடு துண்டுக்குக் காத்து நிற்கிறது. படித்துறையில் டீச்சர் கடைசிக் கோடுகளை இழுத்துக்கொண்டிருக்கிறார், பஞ்சவர்ணம் வண்ணக் கொட்டாங்கச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் ஊத்தாவோடு பத்தடி தள்ளி நின்றேன். பஞ்சவர்ணம் முகங்களை எண்ணினாள்.

"நாப்பதுதான் இருக்கு டீச்சர். அந்தப் புளியமரத்தடி ஏன் வெறுசாக் கெடக்கு?"

"அது வெள்ளைம்மா. தண்ணி வண்ணத்துல வெள்ளைக்குத் தனியா வண்ணம் கெடையாது. காயிதத்த அப்பிடியே விட்டுரணும்."

"வெள்ளையா அங்க என்ன இருக்கு?"

பஞ்சவர்ணம் தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். புளியமரத்தடியில் மடியில் பலகையோடு வெள்ளத்தாய் டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். தலை நிமிர்ந்திருக்கிறது. கண் சோணைமுத்துவின் கண்ணை நேருக்கு நேராகப் பார்க்கிறது. சோணைமுத்துவின் திறந்த வாய் அந்தப் பக்கம் திரும்பித்தான் இருக்கிறது.

பஞ்சவர்ணம் தன் வாயைப் புருஷன் வாய் மாதிரியே திறந்து, சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள். பஞ்சு. அவன் உதட்டோடு பொருந்தவில்லை. இன்னொரு தரம். அப்புறம், "டீச்சர்" என்று சொல்லிப் பார்த்தாள். அப்படியே பொருந்தியது.

"என்னைய இல்லையா? ஒன்னையவா கூப்புட்டாரு?"

"ஆமாம்மா. ரெண்டு தரம் கூப்புட்டாரு. பாத்தேன். பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டேன். அப்புறமும் வரஞ்சேன்."

பஞ்சவர்ணம் அவர் கொண்டையைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினாள். படியில் முட்டியை ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினாள். டீச்சர் கையைக்கூட உதறவில்லை. குமிழி வந்தது, குமிழி குறைந்தது. நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன நினைத்தாளோ, வெடுக்கென்று தூக்கினாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த அந்த முகத்துக்கு முன்னால் பலகையை வைத்தாள்.

"போடு. ஒன்னையும் போடு. கோர்ட்டுல வந்து வாயால சொல்லு."

"சொல்றேன்" என்றார் டீச்சர். இருமிக்கொண்டே தன் முகத்தை வரைந்தார். கண்ணை வரைந்து முடிக்கவும் பெரியவர் துண்டை வீசவும் சரியாக இருந்தது.

ஆயிரம் பேர் இறங்கினோம். சோணைமுத்து ஒரு முறை நெளிந்தான், அடுத்த மிதியில் இல்லை. வாளையும் விராலும் காலில் மோத, கண்மாய் முழுக்கச் சேறாகி, கத்தலும் சிரிப்புமாக இருந்த அந்த நேரத்தில், மடைப் பக்கத்திலிருந்து வீரபத்திரன் கரைமேலே வந்தான். பலகையைக் கேட்டான். டீச்சர் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பஞ்சவர்ணம் குறுக்கே விழுந்தாள், அவளை உதைத்துத் தள்ளிவிட்டு வெட்டினான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. பலகை படியில் உருண்டு தண்ணீருக்குள் மல்லாந்து விழுந்தது.

காகிதத்தை விட்டு வண்ணம் கிளம்பியது. முதலில் கரைந்தது என் முகம்தான். சிவப்புத் துண்டு ஒரு நூலாக நீண்டு சேற்றில் கலந்தது. அப்புறம் பேச்சியம்மாள், கருத்தக்காளை, ஒவ்வொருவராக. பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சிலிருந்து கல்லை எடுத்த மாதிரி ஒரு நிமிஷம் இருந்தது எனக்கு. தண்ணீர் கலங்கிவிட்டது, படம் கரைந்துவிட்டது, பார்த்தேன் என்று சொல்ல வந்தவர் வெட்டுப்பட்டுக் கிடக்கிறார். இனி எவனும் எதையும் கேட்க முடியாது.

அப்போதுதான் டீச்சர் படியில் கிடந்தபடி தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார்.

"மலைக்கண்ணு அண்ணே" என்றார்.

கத்தவில்லை. சாதாரணமாக, வழியில் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி. அவன் அருவாளை மறுபடி ஓங்கிவிட்டான். நான் எப்படி அந்தப் பத்தடியைக் கடந்தேன் என்று எனக்குத் தெரியாது. என் ஊத்தாவை அவன் தலையோடு கவிழ்த்து அமுக்கினேன். அருவாள் மூங்கிலைப் பிளந்து என் முன்கையைச் சீவியது. பேச்சியம்மாள் இன்னொரு கூடையை அவன் இடுப்பில் கவிழ்த்தாள். அதற்கப்புறம் கூடை மேல் கூடை, ஆள் மேல் ஆள். சேற்றுக்குள் அவனைச் சாய்த்து ஏறி மிதித்தோம். விலா எலும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. அவன் வாய்க்குள் சேறு போனது. கருத்தக்காளை அவனுடைய அருவாளையே எடுத்து ஓங்கினார்.

"கொல்லாதீங்க!"

பஞ்சவர்ணம் டீச்சரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தைத் தன் முந்தானையால் அழுத்திக்கொண்டு கத்தினாள்.

"அவன் செத்துட்டா நீங்க மறுபடியும் தப்பிச்சிருவீங்கடா! அவன் உசுரோட வரணும். நீங்களும் வரணும். வாயத் தொறக்கணும்!"

கருத்தக்காளையின் கை அப்படியே நின்றது. அவர் அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டீச்சரை அவன் லாரியில்தான் ஏற்றினோம், வேறு வண்டி இல்லை. விலக்கு ரோடு தாண்டும்போது உயிர் போய்விட்டது என்று பஞ்சவர்ணம் பின்னால் சொன்னாள். வீரபத்திரனை வலைக்கயிற்றால் கட்டி நடத்தினோம். ஸ்டேஷன் ஒன்பது மைல். அந்த வெயிலில், உடம்பெல்லாம் சேறு காய்ந்து வெடிக்க, பிடித்த மீனையெல்லாம் கரையிலேயே போட்டுவிட்டு நடந்தோம். பன்னிரண்டு ஊர்ச் சனமும் பின்னால் வந்தது. எல்லார் உதடும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. சொல்லிப் பழகிக்கொண்டிருந்தோம்.

இன்ஸ்பெக்டர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "எதையும் பாக்கலன்னு சொல்றதுக்கா இத்தன பேரு வந்திருக்கீங்க?" என்றார். நாங்கள் வரிசையாக நின்றோம். லாரியிலேயே வந்து சேர்ந்திருந்த பஞ்சவர்ணம் வாசல் நிலையில் சாய்ந்து, கையில் கழுவாத ரத்தத்தோடு நின்றாள். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை, வாயை மட்டும் பார்த்தாள்.

வரிசையில் முதல் ஆள் நான்.

"பேரு?"

"மலைக்கண்ணு."

"சொல்லு."

"சோணைமுத்து கழுத்துல முதல் வெட்டு விழுகும்போது, நான் என் கிடாயோட காதைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்யா. ரெண்டாவது வெட்டு விழுகும்போதும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."